உங்கள் தெருவுக்கு ஸ்மார்ட் திட்டம் வருகிறதா? குடியிருப்போர் உள்ளே நுழைய ஐந்து வழிகள், எது எப்போது சரி

குடியிருப்போர் சங்கங்களில் இருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "தெருவை மாற்றப் போகிறார்களாம். செயலியில் கருத்துப் போடுங்கள் என்கிறார்கள். கவுன்சிலர் ஏரியா சபைக்குக் கூப்பிடுகிறார். இன்னொருவர் நமக்கு நாமே திட்டத்தில் பணம் கட்டினால் சீக்கிரம் நடக்கும் என்கிறார். சங்கத்தில் உண்மையாக ஓடியாடி வேலை பார்க்க மூன்று பேர்தான். எதில் இறங்குவது?"

எல்லாவற்றிலும் இறங்குங்கள் என்று சொல்வது சுலபம். மூன்று பேரை வைத்துக்கொண்டு அது நடக்காது. ஒன்றையோ இரண்டையோ தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும்.

மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி மிஷன் 2015 ஜூன் 25 அன்று தொடங்கி 2025 மார்ச் 31 அன்று முடிந்தது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, சேலம், தஞ்சை, வேலூர், திருச்சி, நெல்லை, தூத்துக்குடி, திருப்பூர், ஈரோடு என 11 நகரங்கள் அதில் இருந்தன. மிஷன் முடிந்தாலும் அது பழக்கிவிட்ட வேலைமுறை முடியவில்லை. ஆலோசனை நிறுவனம் வரைபடம் போடும், டிபிஆர் எனும் விரிவான திட்ட அறிக்கை தயாராகும், நடைபாதை, கேமரா, குளக்கரை, பல அடுக்கு வாகன நிறுத்தம் என்று டெண்டர் போகும். இன்று வேறு பெயர்களில் வரும் நகர்ப்புறத் திட்டங்களும் ஏறக்குறைய இதே தடத்தில்தான் ஓடுகின்றன.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடையில் தனி அலுவலர் ஆட்சி. சென்னையும் கோவையும் 2016 ஜனவரியில் முதல் 20 நகரங்களின் பட்டியலில் வந்துவிட்டன. ஆக, பெரிய வேலைகள் வரையப்பட்டு, டெண்டர் விடப்பட்டு, பல இடங்களில் திறப்பு விழாவும் நடந்தபோது வார்டில் கவுன்சிலரே கிடையாது. வேலையைச் செய்ததும் நேரடியாக மாநகராட்சி இல்லை. மாநில அரசும் மாநகராட்சியும் சரிபாதிப் பங்கு வைத்த தனி நிறுவனம். "எங்களை யாரும் கேட்கவில்லை" என்று மக்கள் சொன்னால், "இணையத்தில் கேட்டோமே" என்று பதில் வந்தது இப்படித்தான். இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

## எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன்.

ஒன்று, கட்டம். எஸ்டிமேட் முடிவாகும் முன்பா, பின்பா? எனக்கு மற்ற மூன்றையும்விட இதுதான் பெரிது. எஸ்டிமேட்டில் ஏறாத கோரிக்கைக்கு அப்புறம் பணம் இருக்காது. பணம் இல்லாத கோரிக்கையை எந்தப் பொறியாளரும் நிறைவேற்ற முடியாது, அவர் நல்லவராகவே இருந்தாலும்.

இரண்டு, யார் வருகிறார்கள் என்பதைவிட யார் வரவே மாட்டார்கள் என்பது. வாடகைக்கு இருப்பவர், பூக்கடை அம்மா, இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குபவர்.

மூன்று, கடைசியில் கையில் என்ன காகிதம் மிஞ்சுகிறது. தீர்மானமா, கூட்டக் குறிப்பா, ஒப்புகைச் சீட்டா, அல்லது ஒரு குரூப் போட்டோவா?

நான்கு, மறைசெலவு. பணம் மட்டும் இல்லை, நேரம், அக்கம்பக்கத்து உறவு, அரசியல் முத்திரை எல்லாம் சேர்த்து.

## இணையக் கருத்துக்கணிப்பும் செயலியும்

மிக மலிவானது, மிக வேகமானது. மிஷன் அறிவிக்கப்பட்டதற்கும் முதல் பட்டியல் வந்ததற்கும் இடையே ஏழு மாதம்தான். அதற்குள் நகரம் முழுக்கக் கருத்துக் கேட்டதாகக் காட்ட இணையத்தை விட்டால் வேறு வழி குறைவு. மக்களிடம் கருத்துக் கேட்க மத்திய அரசு நடத்தும் மைகவ் தளம் அப்படித்தான் பெரிதாகப் பயன்பட்டது.

சிக்கல் கேள்வியில் இருக்கிறது. "உங்கள் பகுதிக்கு எது முக்கியம்: குடிநீர், போக்குவரத்து, பசுமை?" என்று கேட்டால் எதை அழுத்தினாலும் சரிதான். அந்தப் பதிலை வைத்து எந்தத் திட்டத்தையும் நியாயப்படுத்தலாம். கோடிக்கணக்கில் வேலை வரப்போகும் தெருவில் குடியிருப்பவரும், ஊர்க்கோடியில் இருந்துகொண்டு பொழுதுபோக்காக அழுத்தியவரும் அந்தக் கணக்கில் ஒன்று.

இணையத்தை இப்படித்தான் நடத்த வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றும் இல்லை. பார்சிலோனா 2016-இல் தன் நகரத் திட்டத்துக்கு டெசிடிம் என்ற தளத்தைக் கட்டியது. 10,000-க்கும் மேற்பட்ட யோசனைகள் சேர்ந்தன. அங்கே நேரடிக் கூட்டங்களில் வந்த யோசனைகளையும் அதே தளத்தில் ஏற்றினார்கள். ஏற்றார்களா, தள்ளினார்களா, ஏன் என்று பதிலும் போட்டார்கள். நம் ஊர்ச் செயலிகளில் புகார் எண் வரும், "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தியும் வரும், ஆனால் யோசனைக்குப் பதில் வருவது அபூர்வம்.

எரியாத விளக்கு, மூடாத பள்ளம் போன்ற தனிப் புகாருக்குச் செயலிதான் சிறந்தது. திட்டத்தின் வடிவத்தை மாற்ற நினைத்தால் அதற்கு ஒரு பத்து நிமிடத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். போட்டதும் ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வையுங்கள்.

## ஏரியா சபை

1992-இன் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் ஏரியா சபைக்கும் விதிகள் வர 2022 ஆயிற்று. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, மாநிலம் முழுக்க ஏரியா சபைகள் கூடின. முதல்வர் மு.க.ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் கலந்துகொண்டார். கிராம சபையை நகரத்துக்குக் கொண்டுவரும் முயற்சி என்று சொல்லலாம். ஆனால் கிராம சபைக்கு இருக்கும் பழக்கமும் பலமும் இதற்கு இன்னும் வரவில்லை. பகுதிப் பிரதிநிதிகள் தேர்தலில் வருபவர்கள் இல்லை, நியமிக்கப்படுகிறவர்கள்.

கூட்டம் எப்படிப் போகும் என்று பல வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் கால் மணி நேரம் வரவேற்பு. அப்புறம் தெருநாய், குப்பை வண்டி, சாக்கடை அடைப்பு. எல்லாமே நியாயமான கோரிக்கைகள்தான். எட்டு மாதம் கழித்து வரப்போகும் நடைபாதைத் திட்டத்தைப் பற்றிப் பேச ஒருவர் எழுந்தால், "அதெல்லாம் வரட்டும் பார்க்கலாம், இப்போ எங்க தெரு சாக்கடையைச் சொல்லுங்க" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும்.

அதனால் வாய்ப்பேச்சை நம்பாமல், கூட்டத்துக்கு முன்பே பொருளை எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. கூட்டக் குறிப்பில் "நடைபாதை பற்றி விவாதிக்கப்பட்டது" என்று எழுதினால் பயன் இல்லை. "நடைபாதையின் மேல்மட்டம் வீட்டு வாசல்படிக்கு மேலே போகக் கூடாது" என்று எழுதியிருந்தால், டிபிஆர் தயாரிப்பவர் முன்னால் அதை எடுத்து வைக்கலாம்.

மறைசெலவு அரசியல்தான். கவுன்சிலரின் கட்சிக்கு வேண்டியவரா வேண்டாதவரா என்று சங்கத்துக்கு ஒரு முத்திரை விழும். சபை என்பது அந்தப் பகுதி வாக்காளர்களின் சபை என்பதால், ஊரில் ஓட்டு வைத்துக்கொண்டு இங்கே வாடகைக்கு இருப்பவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். திருப்பூர் போன்ற ஊரில் அது எவ்வளவு பெரிய கூட்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் எதுவும் வரையப்படவில்லை, எங்கள் பகுதிக்கு இது வேண்டும் அல்லது வேண்டாம் என்று சொல்லும் கட்டம் என்றால், இதைவிட நல்ல வழி இப்போதைக்கு இல்லை.

## ஆலோசனைக் குழுக்கள்

மிஷன் வழிகாட்டியிலேயே நகர ஆலோசனை மன்றம் இருந்தது. ஆட்சியர், எம்.பி., எம்.எல்.ஏ., மேயர், வேலையைச் செய்த தனி நிறுவனத்தின் தலைமை அதிகாரி ஆகியோரோடு, குடியிருப்போர் சங்கம், வரி செலுத்துவோர் சங்கம், குடிசைப் பகுதிக் கூட்டமைப்பு ஆகியவற்றின் பிரதிநிதிகளும் உட்கார அதில் இடம் இருந்தது. பெயரே சொல்வதுபோல, ஆலோசனை சொல்லும் இடம். சாலையோர வியாபாரிகளுக்கு வேறு குழு இருக்கிறது. 2014 சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். கடைத்தெருவை மாற்றும் திட்டம் என்றால் உங்கள் சங்கம் தனியாகப் போவதைவிட இவர்களோடு சேர்ந்து போவது கெட்டிக்காரத்தனம். அவர்கள் பின்னால் சட்டம் நிற்கிறது, உங்களுக்கு அது இல்லை.

ஒரு விஷயத்துக்கு மட்டும் குழுவைத் தவிர வேறு வழி உதவாது: கேமரா, சென்சார், கட்டுப்பாட்டு அறை. இவற்றைத் தெருவில் நின்று பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம், தனியார் நிறுவனத்துக்குப் போகுமா என்பதெல்லாம் எழுத்தில் கேட்க வேண்டியவை. டொரன்டோவில் கூகுளின் சகோதர நிறுவனமான சைட்வாக் லேப்ஸ் 2017-இல் ஏரிக்கரையில் 12 ஏக்கரில் ஒரு ஸ்மார்ட் பேட்டை கட்ட வந்தது. தகவல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைக் குடியிருப்போரும் வல்லுநர்களும் விடாமல் கேட்டார்கள். பொருளாதாரச் சூழலைக் காரணம் காட்டி நிறுவனம் 2020 மே மாதம் விலகிக்கொண்டது. விலகும்வரைக்கும் அந்தக் கேள்வி அதை விடவில்லை.

மறைசெலவு ஆள்தான். பகல் பதினொரு மணிக்கு நடக்கும் கூட்டத்துக்கு வருடக்கணக்கில் போகக்கூடியவர் பெரும்பாலும் ஓய்வுபெற்றவராக இருப்பார். போகப்போக அவருடைய கருத்தே ஊர்க் கருத்து ஆகிவிடும்.

## தெருவில் இறங்குவது: நடந்து பார்ப்பதும் ஒத்திகையும்

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சென்னை தி.நகரின் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. கட்டுவதற்கு முன்பே சாலையின் ஒரு பகுதியில் வண்டிகளை நிறுத்திவிட்டு, தற்காலிகமாக நடப்பவர்களுக்கு விட்டுப் பார்த்தார்கள். வரைபடத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்கள்கூட அந்த அகலத்தில் நடந்து பார்த்தபின் வேறு மாதிரி பேசினார்கள். காகிதத்தில் 10 மீட்டர் என்பது ஒரு எண். காலால் அளந்தால்தான் அது என்னவென்று தெரிகிறது.

உங்கள் தெருவுக்குப் போலீஸ் தடுப்பெல்லாம் தேவையில்லை. வரைபடத்தின் நகலோடு, ஒரு டேப், ஒரு பை சுண்ணாம்புத் தூள். நடைபாதை எங்கே முடிகிறது என்று கோடு போடுங்கள். அரை நாள் போதும். மின்வாரியப் பெட்டி கோட்டுக்கு நடுவில் நிற்கும். தண்ணீர் லாரி திரும்பும் இடத்தில் மரத்தொட்டி வரைந்திருப்பார்கள். அம்மன் கோயில் சப்பரம் திரும்பும் முனையில் இரும்புத் தூண் வரும். ஆட்டோ ஸ்டாண்ட் என்ற ஒன்று வரைபடத்திலேயே இருக்காது. இதையெல்லாம் ஏரியா சபையில் ஒரு மணி நேரம் பேசினாலும் புரியவைக்க முடியாது.

அதைவிட முக்கியம் மட்டம். நம் ஊர்களில் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுப் போட்டு வீடுகள் பள்ளத்துக்குள் போன கதை எல்லோருக்கும் தெரியும். புதுத் திட்டம் வந்தால் இன்னொரு அடுக்கு. ஒரு கொத்தனாரை ஒருநாள் கூலிக்குக் கூப்பிட்டு, டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்து ஒவ்வொரு வீட்டு வாசல்படியும் இப்போதைய சாலைக்கு எத்தனை அங்குலம் மேலே என்று அளந்து, கதவு எண்ணோடு ஒரு தாளில் எழுதி, புகைப்படம் சேர்த்து உதவிப் பொறியாளரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நூறு கையெழுத்துப் போட்ட மனுவை ஓரமாக வைத்துவிடலாம். மட்டம் குறித்த தாளை வைக்க முடியாது, ஏனென்றால் அது அவருடைய மொழியிலேயே இருக்கிறது. நாளை வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் அந்தத் தாள் அவர் மேசையில்தான் இருக்கும். 2021 நவம்பர் மழையில் கோடிகள் கொட்டிய தி.நகர் தெருக்களே தண்ணீரில் நின்றதை நாம் பார்த்தோம். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே தேங்கும் என்பது அங்கே முப்பது வருடம் குடியிருந்தவருக்கு எந்த மென்பொருளைவிடவும் நன்றாகத் தெரியும்.

இதற்கும் மறைசெலவு உண்டு. ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஒத்திகை எல்லோருக்கும் பிடிக்கும், ஏனென்றால் அது ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலை எட்டரை மணிக்கு அதே இடம் வேறு. கடைக்காரர்கள் ஒருநாள் வியாபாரம் குறைந்ததை வைத்தே எதிராகத் திரும்பக்கூடும். அப்புறம், இல்லாதவர்கள் ஒத்திகையில் பேச மாட்டார்கள். பாண்டி பஜார் நடைபாதைக் கடைக்காரர்கள் 2013-லேயே தனிக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டுவிட்டார்கள். ஒத்திகை நாளில் நடைபாதை அழகாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

## பணத்தோடு நுழைவது

நமக்கு நாமே திட்டம் 1997-இல் வந்தது, 2021-இல் மீண்டும் உயிர்பெற்றது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். பூங்கா, நூலகம், குளம், சிறு பாலம் போன்றவற்றுக்குப் பொருத்தம். பணம் கட்டியவர் கேள்வி கேட்கலாம் என்ற மரியாதை இங்கே தானாக வரும். எஸ்டிமேட் உங்கள் கண்முன்னேதான் தயாராகும்.

இதன் கோளாறும் அதே இடத்தில்தான். பணம் திரட்ட முடிகிற தெருவுக்குப் பூங்கா வரும், முடியாத தெருவுக்கு வராது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே 1989-இல் தொடங்கிய பங்கேற்பு பட்ஜெட் இதற்கு நேர் எதிர். அங்கே மக்கள் பணம் கட்டவில்லை, நகராட்சிப் பணத்தை எங்கே செலவழிப்பது என்று முடிவு செய்தார்கள். வசதி குறைந்த பகுதிக்குக் கூடுதல் எடை. நம் நாட்டில் புணே 2006-இல் இதன் சிறு வடிவம் ஒன்றைத் தொடங்கி, வார்டு அளவிலான சிறிய வேலைகளை மக்களிடம் எழுதி வாங்கியது. தமிழ்நாட்டு மாநகராட்சி எதுவாவது இதை ஒழுங்காக எடுத்துச் செய்தால் நான் முதலில் கை தட்டுவேன்.

இன்னொரு எச்சரிக்கை: கட்டி முடித்தபின் பராமரிப்பு யார் தலையில் என்று எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | பலிக்கும் கட்டம் | விடுபடுகிறவர் | கையில் மிஞ்சுவது | மறைசெலவு |
|---|---|---|---|---|
| இணையம், செயலி | யோசனை. தனிப் புகார் | முதியோர், செல்போன் பழக்கம் இல்லாதவர் | புகார் எண் | சொல்லிவிட்டோம் என்ற பொய்யான நிம்மதி |
| ஏரியா சபை | வரையும் முன் | வாடகைக்கு இருப்பவர் | கூட்டக் குறிப்பு | கட்சி முத்திரை |
| ஆலோசனைக் குழு | நகரம் தழுவிய, பல ஆண்டுத் திட்டம் | பகலில் வேலைக்குப் போகிறவர் | உறுப்பினர் கடிதம், குறிப்புகள் | ஒருவர் குரலே ஊர்க்குரலாவது |
| தெருவில் அளவும் ஒத்திகையும் | டிபிஆர், எஸ்டிமேட் | ஏற்கெனவே அகற்றப்பட்டவர் | அளவுத் தாள், புகைப்படம் | கடைக்காரர் கோபம் |
| நமக்கு நாமே | எஸ்டிமேட் | பணம் திரட்ட முடியாத தெரு | பங்களிப்பு ரசீது | பராமரிப்புச் சுமை |

## சரி, எதை எடுப்பது

முதலில் வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். மண்டல அலுவலகத்தில் ஒரு காலை போதும்.

பேச்சளவில்தான் இருக்கிறது என்றால் ஏரியா சபை, எழுதிக் கொடுத்த பொருளோடு. ஆலோசனை நிறுவனத்துக்காரர்கள் டேப்பும் கையுமாக அளந்துகொண்டிருந்தால் சபைக்காகக் காத்திருக்க வேண்டாம், நேரே தெருவில் இறங்குங்கள். அந்த இரண்டு மூன்று வாரங்கள் திரும்ப வராது.

டெண்டர் வந்துவிட்டால் நிலைமை இறுக்கம். தமிழ்நாட்டு விதிப்படி 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதில் வரவே 30 நாள் ஆகலாம். வரைபடம் கேட்டு அப்போது மனுப் போட்டால், பதில் வரும்போது ஒப்பந்ததாரர் ஜல்லி இறக்கியிருப்பார். ஆகவே திட்டம் என்ற பேச்சுக் காதில் விழுந்த வாரமே 10 ரூபாய் கட்டி அந்த மனுவைப் போட்டுவிடுங்கள். டெண்டர் திறந்திருக்கும் நாட்களில் செயற்பொறியாளரை நேரில் பார்த்து, டெண்டருக்கு வரும் திருத்த அறிவிப்பில் சேர்க்கக்கூடிய ஒரே ஒரு கோரிக்கையை மட்டும் வையுங்கள். பத்துக் கோரிக்கை வைத்தால் பத்தும் போகும்.

வேலையே தொடங்கிவிட்டதா? வடிவத்தை மாற்றும் ஆசையை விட்டுவிடுங்கள். மட்டம், வீட்டு வாசலுக்கான சாய்தளம், மரத்தின் வேரைச் சுற்றிக் கான்கிரீட் போடாமல் விடுவது, மழைநீர் வடிகாலுக்குள் தண்ணீர் இறங்கும் துளை, இவ்வளவுதான் இப்போது உங்கள் கையில். வேலை நடக்கும் இடத்துத் தகவல் பலகையைப் படம் எடுங்கள். சாலை போடும் முன் பழைய தாரைச் சுரண்டுகிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல்தான் அந்த இயந்திரம் வரும். அளவு ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் மேற்பார்வையாளரிடம் தாளை நீட்டினால் போதும். இல்லையென்றால் அன்று மாலைக்குள் கொத்தனாரைப் பிடியுங்கள்.